யாரைப் பார்க்க நிமிர்கிறாள்?

ரயில் பெட்டியின் மேல்கம்பியைப் பிடித்திருப்பது தன் கைதானா என்று சுமலதா அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவள் கைதான். பிடித்துக்கொண்டும் இருந்தது. ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இரும்பைத் தொடுவதாகவே தெரியவில்லை. யாரோ அந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் தடித்த துணியைச் சுற்றிக் கட்டிவிட்டது போல இருந்தது.

பொன்னேரியில் ஏறிய கூட்டம் நெருக்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள், டிபன் பைகள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகள். சுமலதா பையை முதுகிலிருந்து கழற்றி மார்போடு மாட்டிக்கொண்டிருந்தாள். ரயிலில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள். கையை மாற்றிப் பிடித்து, வலது கையைக் கீழே தொங்கவிட்டு மெல்ல உதறினாள்.

"இன்னாடி, ஏறினதுல இருந்து கைய உதறிக்கினே இருக்க? நண்டு கடிச்சிச்சா?" என்றாள் மெர்சி.

மெர்சி பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவள். சுமலதாவின் வகுப்புத் தோழி. எதைச் சொன்னாலும் அதில் மீனோ நண்டோ வந்துவிடும்.

"ஒண்ணுமில்ல. தூங்கறப்ப கை மேல படுத்துட்டேன் போல."

அதையே நேற்றும் சொன்னோமோ என்று உடனே பயந்தாள்.

மாதிரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் தொடங்கியது இது. முதலில் கழுத்தின் பின்புறம் ஒரு பிடிப்பு. பிறகு தோள்பட்டை வழியாக எறும்பு ஊர்வது போல ஏதோ ஒன்று இறங்கி முழங்கைக்கு வந்தது. அப்புறம் விரல்கள். காலையில் எழும்போது சரியாக இருக்கும். ரயிலில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாலோ வகுப்பில் குனிந்து எழுதினாலோ மெல்ல மெல்ல உணர்வு போய்விடும். ஒருநாள் தோசைக்கரண்டி கையிலிருந்து விழுந்தது. இன்னொரு நாள் சட்டைப் பித்தானைப் போட விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

போனில் ஒரே ஒரு தடவை தேடிப் பார்த்தாள். கழுத்தில் பட்டை கட்டிய ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பத்தில் நானும் சாதாரண மரமரப்பு என்றுதான் நினைத்தேன் என்று பேசத் தொடங்கினார். சட்டென்று மூடிவிட்டாள். ஆனால் போன் அவளை விடவில்லை. அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் முதுகெலும்பு, அறுவை சிகிச்சை, படுத்த படுக்கை என்று அதுவாகவே கொண்டுவந்து காட்டியது. தன் பயம் அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெரிந்துவிட்டது என்பதே அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. பி.காம். கடைசி வருஷம். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி, மெர்சியையும் அவளையும் ஸ்டோர்ஸ் பிரிவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அதில் தேறினால் வேலைக்கான கடிதம் வரும்.

"லெட்டர் கைக்கு வரட்டும். ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன். வரலன்னா பொண்ணு கேட்டுக்கினு கீற பொதட்டூர்பேட்டைக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்று சொல்லியிருந்தார் அவள் நைனா செங்கல்வராயன். பொன்னேரிக்கு மேற்கே உள்ள ஆரணிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நெல் நிலம் இருக்கிறது. அவர் சொன்னால் சொன்னதுதான். அது இரண்டு பக்கமும் வெட்டும்.

ஆக, அவளுடைய எதிர்காலம் முழுக்க அந்தப் பரிசோதனைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு விரல்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்லூரியில் முகாம் வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: 'சரியாக உட்காருவது, நிற்பது எப்படி: மாணவர் விழிப்புணர்வு'. திருவள்ளூரிலிருந்து சந்திரகலா என்ற பிசியோதெரபிஸ்ட் வந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதலில் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். கம்ப்யூட்டர் திரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், பையை ஒரு தோளில் மாட்டலாமா, போனை எங்கே பிடித்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். சுமலதா எல்லாவற்றுக்கும் சரியாகவே டிக் செய்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் வருஷங்களில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் படித்தவள் அவள். இரண்டு பாடப் புத்தகங்களிலும் இதெல்லாம் படத்தோடு இருந்தது.

சந்திரகலா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கிற காலேஜை நான் பார்த்ததே இல்ல. கிட்டத்தட்ட எல்லாரும் கரெக்ட்."

கைதட்டல். பின்வரிசையில் விசில்.

"சரி, இப்ப இதைப் பாருங்க. நீங்க இதை எழுதிட்டிருந்தப்ப பக்கவாட்டுல நின்னு எடுத்தது."

திரையில் அந்த அரங்கமே வந்தது. வரிசை வரிசையாக மாணவர்கள். முன்னால் நீண்ட கழுத்துகள், வளைந்த முதுகுகள், தாளுக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்குகள். எழுதி முடித்தவர்கள் மடியில் போனை வைத்துக்கொண்டு இன்னும் கீழே போயிருந்தார்கள்.

"டேய், எறாலுடா!" என்று ஒருவன் கத்தினான்.

அரங்கம் அதிர்ந்தது. மெர்சி சுமலதாவின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ஐயோ, எங்க ஊரு ஏலத்துல கொட்டி வெச்சா நல்ல வெலைக்குப் போவோம்டி!"

சுமலதாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். இரண்டாவது வரிசையின் ஓரத்தில் ஒரு துப்பட்டா. அது தன்னுடையது என்று தெரிந்த பிறகுதான் அதற்குள் இருந்த உடம்பைப் பார்த்தாள். எல்லோரையும்விட அதிகமாக வளைந்திருந்தது அதுதான். கழுத்து முதுகிலிருந்து முளைக்காமல் மார்பிலிருந்து முளைத்தது போல இருந்தது. பிடரிக்குக் கீழே ஒரு சின்ன மேடு. யாரோ வயதான பெண் தன் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நொடி தோன்றியது.

சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அரங்கின் பக்கக் கதவருகில் வேலைவாய்ப்புப் பிரிவு ஆசிரியர் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கம்பெனிக்காரர்களின் நம்பர் இருக்கிறது.

அடுத்து, ஒவ்வொருவராகச் சுவரில் முதுகைச் சேர்த்து நிற்கச் சொன்னார்கள். குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்தலை. நான்கும் சுவரைத் தொட வேண்டும். முன்னால் போனவர்கள் பலருக்குத் தலை சுவருக்கு எட்டவில்லை. தோழிகள் கேலி செய்தார்கள். ஒரு மாணவி ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகக் குறித்துக்கொண்டிருந்தாள்.

தன் முறை வந்தபோது சுமலதா மூச்சைப் பிடித்தாள். பல்லைக் கடித்துத் தலையைப் பின்னால் தள்ளினாள். கழுத்திலிருந்து வலது கட்டை விரல் வரை ஒரு மின்சாரம் வெட்டி இழுத்தது. கண்ணில் நீர் முட்டியது. தலை சுவரைத் தொட்டது.

"ஓகே" என்று எழுதினாள் அந்த மாணவி.

சந்திரகலா மட்டும் எழுதுவதைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். வரிசை நகர்ந்ததும் பக்கத்தில் அழைத்து மெதுவாகக் கேட்டார்.

"கை எப்பவாவது மரத்துப் போகுதா?"

"இல்ல மேடம்."

"பேனா பிடிக்கும்போது? பாத்திரம் தூக்கும்போது?"

"இல்ல மேடம்."

இரண்டு முறையும் பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்டது.

"நல்லது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. வலி இருந்தா கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். மரத்துப் போனா பொறுக்கக் கூடாது. பொன்னேரி பெரிய ஆஸ்பத்திரியில செவ்வாய்க்கிழமை நான் இருப்பேன்."

அவர் சொன்னதை மறக்க முயன்றாள். முடியவில்லை. பொறுக்கக் கூடாது என்றால் பொறுத்தால் என்ன ஆகும்? அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தைச் சக்கர நாற்காலிக்காரர் வந்து நிரப்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவில்லை. முகாமில் சொல்லிக்கொடுத்த பயிற்சியையாவது செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் விரல்கள் திரும்பிவிட வேண்டும். அதற்கு நிமிர வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

அவ்வளவு இல்லை என்பது தெருவில் இறங்கி நடந்தபோது தெரிந்தது.

ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் சுமலதா திடீரென்று வளர்ந்தாள். தெருவில் அவள் வயதுப் பெண்கள் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். உடம்பும் மாறியது. ரேஷன் கடைத் திட்டில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வழியாகத்தான் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போக வேண்டும். "குனிஞ்சி நடடி, நெடுநெடுன்னு நிமிந்துக்கினு போறா பாரு" என்று அம்மா ஈஸ்வரி வாசல் வரை வந்து சொல்லுவாள். அவள் குனிந்தாள். புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். தோள்களை முன்னால் கொண்டுவந்து உடம்பை மூடிக்கொண்டாள். போன் வந்த பிறகு இன்னும் வசதியாகிவிட்டது; குனிவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

அதற்கு நல்ல பெயரும் கிடைத்தது. "ஈஸ்வரி பொண்ணா? குனிஞ்ச தல நிமிராதே!" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகத்தில் வரும் வெளிச்சத்தைச் சுமலதா பார்த்திருக்கிறாள். பொதட்டூர்பேட்டைக்காரர்களுக்கும் அந்த வார்த்தையைத்தான் சொல்லியனுப்பினார்கள். அவள் என்ன படித்தாள் என்பதற்கு முன்னால் அதைச் சொன்னார்கள்.

இப்போது தாடையை உள்ளே இழுத்து, தோளைப் பின்னுக்குத் தள்ளி ரேஷன் கடையைக் கடந்தபோது உடுப்பில்லாமல் நடப்பது போலிருந்தது. பேச்சு ஒரு நொடி நின்றது போலத் தோன்றியது. உண்மையிலேயே நின்றதா, தன் காது அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. பத்து அடி தாண்டியதும் தலை தானாகக் கீழே போனது. தலை தாழ்ந்ததும் நிம்மதி. அந்த நிம்மதி அடங்கும் முன்பே விரல்களில் எறும்புகள்.

அதனால் தெருவை விட்டு மாடிக்குப் போனாள். காலேஜ் விட்டு வந்ததும், காயப்போட்ட துணியை எடுக்கிற சாக்கில் ஏறுவாள். மாடிப்படி அறையின் வெளிச்சுவரில் முதுகைச் சேர்த்து நிற்பாள். நான்கு இடமும் தொட வேண்டும். தாடையை உள்ளிழுத்து, பார்வையை நேராக வைத்து, மூச்சை எண்ணுவாள். விரலைத் துப்பட்டா ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பாள். இன்று கொஞ்சம் தெரிகிறதா? தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. இல்லையோ?

நேராக வைத்த பார்வைக்கு எதிரே எது இருந்தது என்று அவள் ஒருநாளும் கவனிக்கவில்லை. எதிரே இருந்தது சசிகுமாரின் டூவீலர் மெக்கானிக் கடை. அவன் ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான். பக்கத்து வீட்டு மாடியில் வடகம் எடுக்க வந்த கோவிந்தம்மா இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இன்னா ஈஸ்வரி" என்று மறுநாள் குழாயடியில் கோவிந்தம்மா ஆரம்பித்திருக்கிறாள். "பொண்ணு இப்பல்லாம் நேரா பாத்துக்கினு நடக்குது. வேல கெடச்சிடுச்சில்ல. மாடியிலயும் காத்து வாங்குது. நல்லாத்தான் இருக்குது, எதிர்ல காத்து."

அன்று சாயங்காலம் சுமலதா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அம்மா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சுமலதாவின் போன்.

"இதத் தொற."

"ஏம்மா?"

"தொறன்றேன்ல."

திறந்து கொடுத்தாள். அம்மாவுக்கு அதில் எங்கே எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாரப் பாக்க நிமிர்ற?"

கேள்வி சுமலதாவுக்குப் புரியவில்லை.

"இன்னாம்மா கேக்கற?"

"தெனமும் அதே நேரம் செவுத்துல சாஞ்சிக்கினு அந்த மெக்கானிக் கடைய இன்னா பாக்கற? ஊரே பாக்குது, எனக்குத்தான் கண்ணு தெரியல."

"ஐயோ அம்மா, அது எக்சர்சைஸ்!"

"இன்னா எக்சர்சைஸு அது? கை ஆடல, காலு ஆடல, பொம்மையாட்டம் நிக்கறதா எக்சர்சைஸு? காலேஜ்ல இதுதான் சொல்லிக் குடுக்கறானுங்களா?"

"ஆமாம்மா, கேம்ப் வெச்சாங்க..."

"வாய மூடு. எட்டு வருசமா குனிஞ்ச தல. இப்ப எங்க இருந்து வந்துச்சு இந்த நிமித்தல்? நாளைக்குக் காலேஜும் வாணாம், கம்பெனியும் வாணாம். நைனா வரட்டும்."

நைனா உரம் வாங்க ஆரணிக்குப் போயிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வந்துவிடுவார். அவர் காதில் இது விழுந்தால் அவர் தனியாகப் போகமாட்டார். சித்தப்பாக்களையும் கூட்டிக்கொண்டு சசிகுமார் கடைக்குப் போவார். அவனுக்கு இவள் பெயர்கூடச் சரியாகத் தெரிந்திருக்காது. இதே மாதிரி ஒன்றுமில்லாத பேச்சில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பையனின் பல் போனதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள்.

இல்லாத காதலை மறுக்க அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொன்னால் வேலை போகும். பொதட்டூர்பேட்டையும் போகலாம், கை விளங்காத பெண் என்ற பேச்சு மட்டும் நிற்கும்.

"அம்மா" என்றாள். "எனக்குக் கை மரத்துப் போவுது."

"பேச்ச மாத்தாத."

"நெஜமா. ரெண்டு விரலு தெரியல. கழுத்துல இருந்து வருது. குனிஞ்சிக்கினே இருந்தா நரம்பு அழுந்துமாம். அதுக்குத்தான் நிக்கறேன்."

"நல்லாத்தான் கத கட்டற. நாஷ்டா எந்தக் கையால துன்ன காலைல?"

சுமலதா வலது கையை நீட்டினாள்.

"குத்திப் பாரு."

ஈஸ்வரி மகளை முறைத்தாள். பிறகு, அவள் பொய்யை அங்கேயே உடைத்துவிடும் வேகத்தில், தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினாள். மகளின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். சுமலதா கையைப் பார்க்கவில்லை. சுவரில் நாட்காட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

காத்துக்கொண்டே இருந்தாள்.

"குத்தும்மா."

நாட்காட்டியின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துன்றேன்ல."

"குத்திட்டன்டி" என்றாள் அம்மா.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் திரும்பினாள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் உருண்டு நின்றது. சுமலதாவுக்கு இத்தனை நாளாக மரத்துப்போவது என்றால் மந்தமாகத் தெரிவதுதான். இரும்பு இறங்கியும் தெரியாது என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஈஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அந்த விரலைத் துடைத்தாள். ரத்தம் நின்ற பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி நாளா?"

"மாடல் எக்சாம்ல இருந்து."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா கம்பெனிக்கு அனுப்பமாட்ட. நைனா கல்யாணம்பாரு."

வாசலில் நைனாவின் வண்டிச் சத்தம் கேட்டது. ஈஸ்வரி எழுந்தாள். இடுப்பிலிருந்த போனை எடுத்து மகளின் மடியில் போட்டாள்.

"அவருகிட்ட இப்போ ஒண்ணும் பேசாத. ஜொரம்னு சொல்லிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை பொன்னேரிக்குப் போனார்கள். சந்திரகலா அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் அனுப்பிப் படம் எடுக்கச் செய்தார். திரும்பி வந்தபின் அந்தக் கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்து எலும்புகள் முன்பக்கம் மெல்ல வளைந்திருக்க வேண்டும். இவளுக்கு அந்த வளைவு போய் நேர்க்கோடாகிவிட்டது, எலும்புகளுக்கு நடுவிலிருந்து கைக்கு வருகிற நரம்பு ஒன்று அழுந்துகிறது என்றார்.

"சரியாயிடுமா?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

"நெறைய பேருக்குச் சரியாயிடுதும்மா."

எல்லோருக்கும் என்று அவர் சொல்லவில்லை. சுமலதா கவனித்தாள்.

"எக்சர்சைஸை விடாம செய்யணும். கையில பலம் இன்னும் குறையற மாதிரி இருந்தா அன்னிக்கே வரணும், செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்க வேணாம். முக்கியமா குனியக் கூடாது. உட்கார்ந்தாலும் நடந்தாலும் தலை தோளுக்கு மேல இருக்கணும், முன்னால வரக் கூடாது."

ஈஸ்வரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெருவுலயுமா?"

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் ஈஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"கழுத்துக்கு எது தெரு எது வீடுன்னு தெரியாதேம்மா."

"உங்களுக்கு இன்னாம்மா, சொல்லிட்டுப் போயிடுவீங்க. பாக்கறவங்களுக்கு நாந்தான பதில் சொல்லணும்?"

சந்திரகலா அடுத்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள். ரேஷன் கடைத் திட்டு தூரத்தில் தெரிந்ததும் சுமலதாவின் தோள்கள் பழக்கத்தில் முன்னால் வந்தன. அம்மா திட்டு இருந்த பக்கமாக மாறி நடந்தாள். முன்னே பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"நிமிரு."

நிமிர்ந்தாள்.

"அவ்ளோ வாணாம்."

கொஞ்சம் தாழ்த்தினாள். இரண்டடி போனார்கள்.

"இல்ல, நிமிரு, நிமிரு. அந்தம்மா சொன்ன மாதிரி நட. பாத்தா பாக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர அம்மாவின் கை வியர்த்திருந்தது. மகளின் வலது முழங்கையை அவள் பிடித்திருந்த இடம் ஈரமானது. அந்த ஈரம் தெரிந்ததா என்றுதான் சுமலதா முதலில் யோசித்தாள். தெரிந்தது. முழங்கை வரைக்கும் இன்னும் எல்லாம் தெரிகிறது.

பரிசோதனை நாள் வந்தது. மூன்று வாரத்தில் எறும்புகள் குறைந்திருந்தன. ஆள்காட்டி விரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. கட்டை விரல் திரும்பவில்லை. இரும்பு உருக்கும் வாடை வீசும் சிப்காட் சாலை வழியாக மெர்சியும் அவளும் கம்பெனிக்கு நடந்து போனார்கள். முதலுதவி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சுமலதா மெர்சியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"தோ பாரு" என்று மெர்சி காதோரம் சொன்னாள். "தொந்தரவு எதுனா இருக்கான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. எனக்குந்தான் இடுப்பு வுட்டுப்போவுது. நா இன்னா பேனர் கட்டிக்கினா வந்தேன்? இங்க உக்காந்துக்கினு கீறதுங்கள்ல யாரு ஒழுங்கு? எல்லாம் எறாலு."

உள்ளே கம்பெனி டாக்டர் கண், காது, ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு கையின் பலத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். இடது கையால் அழுத்தினாள். முள் நன்றாக ஏறியது. வலது கையால் அழுத்தினாள். முழுப் பலத்தையும் கொடுத்தாள். முள் பாதி வழியில் நின்று திரும்பிவிட்டது.

"எந்தக் கை பழக்கம்?" என்றார் அவர் எழுதிக்கொண்டே.

இடது என்று சொல்லிவிடலாம். ஒரே சொல். பலம் குறைந்தது பழக்கமில்லாத கை என்றால் அவர் தாண்டிப் போய்விடுவார். கடிதம் வந்துவிடும். நைனா வாக்குக் கொடுத்த இரண்டு வருஷம் அவளுக்குக் கிடைத்துவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிக்கே வந்து நின்றது.

ஸ்டோர்ஸில் பெட்டிகளை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். கனமான ஒன்று இந்தக் கையிலிருந்து நழுவி விழும். நழுவுவது தனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுத்தான் தெரியும். அந்தச் சத்தம் அவளுக்கு அந்த அறையிலேயே கேட்டது.

"வலது கை சார்" என்றாள். "கட்டை விரல் மரத்துப்போயிருக்கு. கழுத்து நரம்பு. வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். திட்டவில்லை. இப்போதைக்குத் தகுதி என்று எழுத முடியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை இடம் இருக்குமா என்பது தன் கையில் இல்லை என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மெர்சி அவளைத் தாண்டி உள்ளே போகும்போது முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "பைத்தியம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

கேட்டுக்கு வெளியே வந்து, லாரிகள் போகும் சாலை ஓரமாக நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"மூணு மாசம் கழிச்சி வரச் சொன்னாங்கம்மா. இடம் இருந்தா எடுப்பாங்களாம்."

"இல்லன்னா?"

"தெரியல."

மறுமுனையில் நைனாவின் குரல், யாரு போன்ல, லெட்டரு குடுத்துட்டாங்களா என்று கேட்பது சன்னமாகக் கேட்டது. அம்மா போனை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். நைனாவின் குரல் உயர்ந்தது. அம்மாவின் குரலும் உயர்ந்தது. அவள் குரல் நைனாவிடம் அப்படி உயர்ந்து சுமலதா கேட்டதில்லை. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. மூணு மாசம் என்பது மட்டும் இரண்டு தடவை காதில் விழுந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"அலோ, கீறியா?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"கீறேம்மா. நைனா இன்னா சொன்னாரு?"

"அவரு சொல்லுவாரு. நா இன்னும் பேசி முடிக்கல. நீ ட்ரெயின்ல நின்னுக்கினு வராத, எடம் புடிச்சி உக்காரு. போன வெய்யி மொதல்ல. குனிஞ்சிக்கினே பேசாத."

போன் வைக்கப்பட்டது. சுமலதா தன் நிழலைப் பார்த்தாள். பையை மார்போடு கட்டிக்கொண்டு, கழுத்தை வளைத்து, ஆம், குனிந்துதான் நின்றிருந்தாள்.